பியட்றிஸ் கூட்டிப்போன நோயாளி

கலஹா கோயில் திருநாள் பூசையில் தனிப்பாட்டு என்றால் அது பியட்றிஸுடையது. யுத்தம் முடிந்த அந்த வருஷம் பாதர் அதைத் தூக்கி யோசப்பின் என்ற சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். பியட்றிஸ் சிரித்த முகத்தோடுதான் வாழ்த்தினாள்; வீட்டுக்குப் போய்ச் சட்டிகளைப் போட்டடித்த சத்தம் மட்டும் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

திருநாள் நெருங்கியபோது, பாட்டுப் பயிற்சியில் யோசப்பின் தும்மினாள். புதுக் காய்ச்சல் வந்திருக்கிறதாம் என்று ஊரே பயந்துகிடந்த காலம். பியட்றிஸின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இன்புளுவென்சாவாக இருந்தால் கோயிலுக்கே தொற்றிவிடுமே என்று பாதரின் காதில் போட்டாள். பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தால்தான் பாட்டு என்றாயிற்று. துணைக்குப் போக பியட்றிஸை விட்டால் யார்?

மறுநாள் பேராதனை பஸ் ஏறும்போதே பியட்றிஸுக்குத் திடீரென்று தலை இடித்தது, முதுகு முறிந்தது. இரவெல்லாம் பொருமிக்கொண்டு தூங்காத உடம்பு இப்படித்தான் வலிக்கும் என்று பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டாள். சோதனைச்சாவடியில் இறங்கி நின்றபோது யோசப்பின் தும்ம, சிப்பாய் அவளுடைய அடையாள அட்டையைத் தொடாமலே போகச் சொன்னான். அங்கேயும் அவளுக்குத்தான் மரியாதை என்று பியட்றிஸுக்கு வயிறெரிந்தது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் பரமநாதன் யோசப்பினை விசாரித்தார். கொஞ்சங்கொஞ்சமாக வந்த தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல், தும்மல். காய்ச்சலுமில்லை, உடம்பு நோவுமில்லை.

"இது வெறும் சளித் தடிமன், பிள்ளை. டெஸ்ட் தேவையில்லை. இன்புளுவென்சா எண்டால் ஆளை ஒரேயடியாய் விழுத்திப்போடும்."

"நல்லா பாருங்க டாக்டர்," என்றாள் பியட்றிஸ். "கோயில்ல பாடப் போற ஆளு."

டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார், அவளை. "நீங்கள் ஏனம்மா நடுங்கிறியள்?"

பனடோலையும் மீறிக் காய்ச்சல் ஏறியிருந்தது. அக்காவுக்கு மூச்சிழுப்பு வருத்தமும் இருக்கிறதென்று யோசப்பினே அக்கறையாக எடுத்துக்கொடுத்தாள். அப்படியானால் டெஸ்ட் கட்டாயம் என்றாயிற்று; பஞ்சுக்குச்சி பியட்றிஸின் மூக்குக்குள் போய்விட்டு, கொழும்புக்குப் பயணப்பட்டது. அவளை மருந்தோடு வீட்டில் தனியாக இருக்கச் சொன்னார்கள்.

இன்புளுவென்சாதான் என்று திருநாளன்று காலையில் செய்தி வந்தது. நல்ல நேரத்தில் யோசப்பின் தும்மியதால்தான் கோயில் தப்பியது என்று ஊர் பேசிக்கொண்டது.

படுக்கையில் கிடந்தே ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டாள் பியட்றிஸ். மூக்கடைத்த குரல், ஒவ்வொரு அடியிலும். பூசை முடிந்ததும் அடுத்த வீட்டு வீரம்மா கஞ்சியோடு வந்து, ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"யோசப்பின் அழுதுக்கிட்டே பாடுச்சுக்கா. கேட்ட எங்களுக்கும் கண்ணு கலங்கிருச்சு."

அது அழுகையில்லை, தடிமன், டாக்டரே சொன்னார் என்று சொல்லப் பியட்றிஸ் எழுந்து உட்கார்ந்தாள். இருமல் முந்திக்கொண்டது. அது ஓய்வதற்குள் வீரம்மா கஞ்சியை வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யோசப்பினைப் பாராட்டப் போய்விட்டாள்.