கருந்திட்டு ஓலை

செத்துக் கிடந்த புருஷன் கோதண்டத்தின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் தலையணையை உருவினாள் கஸ்தூரியம்மாள். குளிப்பாட்டுவதற்கு ஆண்கள் முற்றத்தில் தண்ணீரோடு காத்திருந்தார்கள். தலையணையோடு ஓர் ஓலையும் வந்து மடியில் விழுந்தது. சிவப்பு நூல் சுற்றிய ஓலை. அந்த வீட்டில் சிவப்பு நூல் ஒரே ஓர் ஓலைக்குத்தான்.

விடிந்ததிலிருந்து கொழுந்தன் நீலமேகம் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். தேடுகிற மாதிரி நடிக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அண்ணன் படுத்த எட்டு நாளாகச் சாவிக்கொத்து அவன் இடுப்பில். போதாக்குறைக்கு, ஒரு மாதமாகக் காட்டுப்பள்ளியிலிருந்து அவன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குக் கூடை கூடையாக இறால் வந்துகொண்டிருந்தது. சும்மா யார் கொடுப்பார்கள்?

நூலைப் பிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் படிப்பு எதற்கு? ஓலை மொட்டையாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

மாற்றிவிட்டான் படுபாவி.

பழவேற்காட்டில் ஓலை வீடு என்றால் தெரியாதவர் இல்லை. கோதண்டத்தின் பாட்டனார் காலத்தில் தோணிரேவுக்காரர்களும் காட்டுப்பள்ளிக்காரர்களும் ஏரியில் வலை போடும் முறைக்காக வெட்டிக்கொண்டு மாண்டார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாட்டனார் நடுவில் உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பாடு ஓலை எழுதினார். உப்புக்காற்று அடிக்கும் குடிசையில் ஓலை நிற்காது, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இரண்டு ஊரும் அதை விட்டுப்போயின. அவ்வளவுதான் தொடக்கம். பகையாளிகள் இருவரும் நம்புகிற வீடாயிற்றே என்று தறிக்காரர்கள் வந்தார்கள், கப்பல் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். கோட்டையில் இருந்த உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்களே துணி ஒப்பந்தத்தை இந்த வீட்டு எழுத்தில் இருந்தால்தான் ஒப்புக்கொண்டார்கள். கோட்டை நியாயசபையில் வியாபாரிகளுக்காக வழக்குப் பேசியவர் கோதண்டம். சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓலை காத்தவர் செத்தால், பிணம் வாசல் தாண்டுமுன் ஓலைகளை உடையவர்களுக்குக் காட்டியாக வேண்டும். சிவப்பு நூல் சுற்றிய பாடு ஓலையை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். அதனால் துக்கத்துக்கு வந்தவர்களின் ஒரு கண் பிணத்தின் மேல், மறு கண் ஓலைகள் இருக்கும் பெட்டி அறையின் மேல்.

நீலமேகத்தைக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"எழுத்து எங்க தம்பி?"

ஓலையைக் கண்டதும் அவன் முகம் தெளிந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கெடச்சிதா? அத்த எழுத்தோட யாரு அண்ணி பாத்தாங்க? பெரும்புயல் வருசமே பழசு செல்லரிச்சி மாவாப் போச்சி. இத்தினி வருசமா அண்ணன் இந்த வெறும் ஓலையத்தான் படிச்சாரு."

"புதுசா எழுதி வெக்கறதுக்கு இன்னா?"

"சாட்சி போட்டவங்க அல்லாரும் செத்துட்டாங்க. அவங்க கையெழுத்த நாம போட்டா கள்ள ஓலைன்னு அண்ணன் ஒத்துக்கல."

"வெறும் ஓலைய ஊருக்குப் படிச்சிக் காட்டினா அது நல்ல ஓலையா?"

செத்தவன் தலையில் பழியைப் போட்டால் திருப்பிக் கேட்கவா போகிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் ஓலையைத் திருப்பினாள். இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுத்த தடம். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் பிடித்துப் பிடித்து வழவழத்துப் போன தடம். தை பிறந்தால் ஊருக்குப் பாடு படிக்கும் கோதண்டம் எப்போதும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் படிப்பார். பின்னால் நின்று யாரும் ஓலையை எட்டிப் பார்க்காமலிருக்கத்தான் அது என்று இப்போது புரிந்தது. முதுகுவலி என்று நம்பி இருபத்திரண்டு வருஷம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாளே. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

புருஷன் செய்ததை அவள் நம்பினாள். கொழுந்தனை நம்பவில்லை. எழுத்தே இல்லாத ஓலையில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு சொல் மாறினால் ஏரியில் மறுபடியும் தலை உருளும். ஓலை வீடும் அன்றோடு முடிந்தது.

குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். கஸ்தூரியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். நீலமேகம் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். தோணிரேவுத் தலைவர் சிங்காரம் இந்தப் பக்கம், காட்டுப்பள்ளித் தலைவர் பச்சைமுத்து அந்தப் பக்கம். துணி வியாபாரி சம்பந்தம் எழுத்துத் தெரிந்தவர். கழுத்தை நீட்டினார். நீலமேகம் ஓலையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டான்.

"முகத்துவாரத்துக்கு வடக்கே முதல் மூன்று நாள் தோணிரேவார். பின் மூன்று நாள் காட்டுப்பள்ளியார். அமாவாசையன்று ஒருவரும் வலை இறக்கலாகாது."

அழுகையை அடக்கி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். தை பிறந்தால் கதவுக்குப் பின்னால் நின்று வருஷா வருஷம் கேட்டவைதான். பிசகில்லை.

"கருந்திட்டில் வளர்பிறை முழுதும்..."

அங்கே நிறுத்தினான். ஏரியில் இறால் கொழிக்கும் இடம் கருந்திட்டு. அதன் வளர்பிறைக்காகத்தான் அன்று வெட்டு நடந்தது. பச்சைமுத்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். மறந்துவிட்டானா, இறாலுக்கு மனம் சறுக்குகிறதா?

கஸ்தூரியம்மாள் ஓங்கி ஒப்பாரி எடுத்தாள்.

"வளர்பிறைக்கித் தோணிரேவு, தேய்பிறைக்கிக் காட்டுப்பள்ளின்னு வருசா வருசம் வாயாரப் படிச்ச ராசாவே, இப்ப வாயடச்சிப் போனியே..."

சிங்காரம் தலையை ஆட்டினார். பச்சைமுத்து மறுபடியும் தரையைப் பார்த்தார்.

"வளர்பிறை முழுதும் தோணிரேவார். தேய்பிறை காட்டுப்பள்ளியார்" என்றான் நீலமேகம். மீதியைத் தடங்கலில்லாமல் முடித்தான்.

"அதே சொல்லுதான்" என்றார் சிங்காரம். தரையைப் பார்த்தபடியே, "அதேதான்" என்றார் பச்சைமுத்து. சம்பந்தம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடைப் பக்கம் நகர்ந்தார்.

பிள்ளையில்லாத வீடு. கொள்ளிச்சட்டியை எடுக்குமுன் நீலமேகம் சிவப்பு நூலை மூன்று சுற்றுச் சுற்றி, ஓலையையும் சாவிக்கொத்தையும் அவள் மடியில் வைத்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இறால் எதற்கு வந்தது என்று அவளும் கேட்கவில்லை.

பறைச் சத்தம் தெருக்கோடி திரும்பியது. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் இறைத்தார்கள். கஸ்தூரியம்மாள் பெட்டி அறையைத் திறந்தாள். ஓலையைப் பெட்டியில் மற்ற ஓலைகளுக்கெல்லாம் அடியில் வைத்தாள். மூடப்போனவள், எழுந்து சமையலறைக்குப் போய்ப் புது வசம்பு ஒரு துண்டு எடுத்து வந்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அதன் மேல் வைத்துப் பூட்டினாள்.