வருத்தம் யார் மேல?

லதாவுக்குக் கோபமே வராது என்று மயூர் விஹாரில் அந்த அப்பார்ட்மெண்ட் முழுக்கப் பேர். கணவர் தவறியபோது துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே காப்பி கலந்து கொடுத்தவள் ஆயிற்றே! "என்ன தைரியம், என்ன தைரியம்" என்று ஊர் மெச்சியது. அன்றைக்கு அவளுக்கும் சேர்த்து அழுதவள் மேல்வீட்டு அபிராமி. அது வேறு கதை. இல்லை, இதே கதைதான், கொஞ்சம் பொறுங்கள்.

அப்படிப்பட்ட லதாவுக்கு ஒரு வாரமாக மனதில் முள். அபிராமி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே போகிறாள். சனிக்கிழமை காலையில் லாரி வருகிறது. இதை அபிராமி வந்து சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் சொன்னார். "ஊப்பர்வாலி மேடம், அதான் உங்க மேல்வீட்டுக்காரங்க, துணியெல்லாம் ஜல்தி வேணும்னாங்க, சனிக்கிழமை போறாங்களாமே?" என்று அவர் ஹிந்தியில் கேட்டபோது லதா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஹாங், தெரியுமே" என்றாள். தெரியுமாம்! பொய்யிலும் பச்சைப் பொய்.

இருவரும் கரோல் பாகில் பக்கத்துப் பக்கத்து வாடகை அறையில் புதுப்பெண்களாகக் குடித்தனம் தொடங்கியவர்கள். இவள் திருநெல்வேலி, அவள் கோயம்புத்தூர். ஒருத்தி பேசும் தமிழ் இன்னொருத்திக்குச் சிரிப்பாணி. பிறகு ஒரே சொசைட்டியில் பேர் கொடுத்து ஒரே கட்டிடத்தில் ஃப்ளாட் வாங்கினார்கள். லதா இரண்டாம் மாடி, அவள் தலைக்கு நேர் மேலே அபிராமி. அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இந்த வீட்டில் எண்ணலாம். சாயங்காலமானால் பார்க்கில் நடை, நடை என்ற பேரில் ஊர்வம்பு. நாற்பது வருஷப் பழக்கம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இஸ்திரிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

லதா சண்டைக்கா போனாள்? போகவில்லை. "முழங்கால் வலி" என்று நடையை நிறுத்தினாள். மாடிப்படியில் அபிராமியின் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமல் நின்றாள். பெங்களூரிலிருக்கும் மகள் சிந்துவுக்கு மட்டும் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"கோபம்னா நேரா மேல போய்க் கேட்டுடேன்மா."

"கோபமெல்லாம் ஒண்ணுமில்லட்டி. வருத்தம்தான்."

நம் ஆட்களுக்கே உரிய வாக்கியம் அது. கோபத்தைச் சலவை செய்து மடித்து வைத்தால் அதற்குப் பேர் வருத்தம். கோபம் என்றால் தீர்த்துக்கொள்ள வேண்டும். வருத்தம் என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம், வருஷக்கணக்கில் கெடாது.

இந்த லட்சணத்தில்தான் அவள் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வேறு ஒப்புக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்கிற பெண் ஷ்வேதா, பக்கத்து பிளாக்கில் இருக்கும் ரங்கராஜனின் மகள், மனோதத்துவத்தில் பிஎச்டி பண்ணுகிறாள். வயது ஏற ஏற மனிதர்கள் தங்கள் உணர்ச்சிகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவள் விஷயம். கல்லூரிப் பையன்களிலிருந்து எண்பது வயதுக்காரர்கள் வரை டெல்லித் தமிழர்களாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்திருந்தாள். எல்லார் போனிலும் ஒரு ஆப். நேரங்கெட்ட நேரத்தில் அது டிங் என்று அடிக்கும். இந்த நேரத்தில் எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு கோபம், எவ்வளவு வருத்தம் என்று கேட்கும். பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும்.

தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் இருந்தது. லதா தமிழைத் தேர்ந்தெடுத்தாள். சந்தோஷத்துக்கு மூன்று. கோபத்துக்குப் பூஜ்யம். வருத்தம் வரும்போது கட்டைவிரல் கொஞ்சம் நிற்கும். பிறகு அதற்கும் பூஜ்யம். மகளிடம் சொல்வது வேறு. ஏதோ பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் போய் அபிராமியைக் காட்டிக் கொடுப்பதா? என்ன இருந்தாலும் அவள் நம்ம ஆள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷ்வேதா லேப்டாப்போடு வந்தாள். மேலே சாமான்களை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, இது பாருங்க, நீங்க!" என்று ஒரு கோட்டைக் காட்டினாள். தார் ரோடு போலச் சமமாக ஓடியது. "இது என் வயசுக்காரங்க" என்று இன்னொன்று. அது ஏறியும் இறங்கியும் கிறுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. "வயசானவங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட உங்க மாதிரியேதான் வருது. சின்னச் சின்ன விஷயத்தை மனசுல வெச்சுக்கறதில்ல. நீங்கதான் பெஸ்ட்!"

லதாவுக்கு உச்சி குளிர்ந்தது. இல்லாவிட்டால் எப்படி? பாராட்டு வேண்டாமென்று சொல்லும் ஜென்மம் உண்டா என்ன.

"இப்போ சில கேள்வி மட்டும் கேக்கணும். இந்த வாரம் மனசுக்குக் கஷ்டமா ஏதாவது நடந்ததா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அபிராமி வீட்டைக் காலி பண்ணுதா. நாளைக்குக் கிளம்புதா."

ஷ்வேதாவின் கை நின்றது. "அபிராமி ஆன்ட்டியா? போறாங்களா? ஆனா நீங்க வருத்தம்ல எல்லாம் ஜீரோதானே போட்டிருக்கீங்க?"

"வருத்தமா? யார் மேல?"

"மேல அபிராமி ஆன்ட்டிதானே?" என்று அந்தப் பெண் கூரையைப் பார்த்தாள்.

லதாவுக்குப் பகீர் என்றது. இவளுக்கு யார் சொன்னார்கள்? சிந்து போன் பண்ணி உளறிவிட்டாளா? "அவ மேல எனக்கு என்னத்துக்கு வருத்தம்? ஒரு வார்த்த சொல்லல, அது அவ இஷ்டம். நான் யார் மேலயும் எந்த வருத்தமும் வச்சுக்கிடுறவ இல்ல, கேட்டுக்கோ" என்று படபடத்தாள்.

ஷ்வேதா முழித்தாள். "ஏக் மினிட், ஆன்ட்டி. வருத்தம் எதுக்கு ஒருத்தர் மேல வரணும்? கோபம்தானே மேல வரும்?"

"வருத்தமும் மேலதாம்மா வரும். 'உன் மேல எனக்கு வருத்தம்'னு சொல்லுவோம்லா?"

"தமிழ்க் கேள்வியெல்லாம் அப்பாதானே டிரான்ஸ்லேட் பண்ணினாரு..." அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "நான் கேட்டது அது இல்ல ஆன்ட்டி. நான் கேட்டது... உதாஸ். மன் உதாஸ் ஹோனா. அது யார் மேலயாவது வருமா?"

வராது. டெல்லியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண் மழைநாளில் பால்கனியில் நின்று "ஆஜ் மன் உதாஸ் ஹை" என்பாள். யார் மேல என்று அவளை யாரும் கேட்டதில்லை. மனது இருண்டு கிடக்கும், அவ்வளவுதான், அதில் குற்றவாளி கிடையாது.

ஷ்வேதா அதற்குள் தன் கவலையில் மூழ்கிவிட்டாள். "அப்போ வயசானவங்க எல்லாரும் யார் மேலயும் கம்ப்ளெயிண்ட் இல்லன்னுதான் ஜீரோ போட்டிருக்காங்களா? என் ஃபைண்டிங்கே அதுதானே ஆன்ட்டி! சத்யானாஷ், எல்லாம் போச்சு!" கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல், யார் வீடு என்றும் பாராமல் அழுதாள். லதா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கைடிடம் பேச வேண்டும் என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு அந்தப் பெண் படியிறங்கி ஓடினாள்.

லதா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே ஒரு பீரோவை நகர்த்துகிற சத்தம். நாளைக்கு இந்த நேரம் அந்தச் சத்தமும் இருக்காது. விசில் இருக்காது, செருப்பு இருக்காது. இதை நினைத்ததும் நெஞ்சில் என்னவோ சரிந்தது. தேடித்தேடிப் பார்த்தாள், அதில் அபிராமி மேல் ஒன்றுமே இல்லை. அவள் போகிறாள் என்பது மட்டும்தான் இருந்தது. ஒரு வாரமாக இதையா குறை என்று பேர் வைத்துப் பூட்டி வைத்திருந்தேன்? அட முட்டாளே! சேர்ந்து அழ வேண்டிய வாரத்தைக் கதவுக்குப் பின்னால் நின்றே கழித்துவிட்டாளே.

முழங்கால் வலி என்று பொய் சொன்னவள் படிகளை மூச்சு வாங்க ஏறினாள்.

கதவு திறந்து கிடந்தது. ஹாலில் அட்டைப்பெட்டிகள். நடுவில் ஒரு பிரம்பு மோடாவில் அபிராமி, கையில் டேப்பும் கத்திரிக்கோலுமாக. லதாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, இஸ்திரிக்காரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சவளுக்கு எங்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"நாலு தடவ உன்ற வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் புள்ள. பெல் அடிக்கல."

"ஏன்?"

அபிராமி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். 'அச்சா, பையன்கூட இருக்கப் போற, நல்லதாப் போச்சு'ம்ப. காப்பி குடிச்சுட்டுப் போம்ப. உன்ற மூஞ்சில ஒரு சுருக்கம் விழாது. உன்ற வீட்டுக்காரர் போனப்பவே பார்த்தவ நான். நாப்பது வருசம் உன்கூட இருந்துட்டு, அந்த மூஞ்சியக் கடைசியாப் பாத்துட்டுப் போக என்னால ஆகாது. அதுதான் சொல்லல."

லதாவுக்கு வாய் வரைக்கும் வந்தது, "ஆமா, நல்லதுதானே" என்று. சத்தியமாக வந்தது. பழகின நாக்கு எங்கே போகும்? அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து டிங்.

லதாவின் கையிலிருந்த போனை அபிராமி வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "என்ன இது? 'இந்த நேரத்தில் எவ்வளவு வருத்தம்?'" தலையைத் தூக்கினாள். குரல் இறங்கிவிட்டது. "யார் மேல புள்ள? என்ற மேலயா?"

"யார் மேலயும் இல்லட்டி" என்றாள் லதா. "சும்மா வருத்தம். நீ போறல்லா, அந்த வருத்தம்." சொல்லி முடிக்கவில்லை, உதடு கோணியது, முகம் முழுக்கச் சுருங்கியது. கணவருக்கு அழாததும் சேர்ந்து வந்ததோ என்னவோ, பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அபிராமி எழுந்து அவளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு கையில் இன்னும் போன்.

"எதை அமுக்கோணும்?" என்று மூக்கடைத்த குரலில் கேட்டாள்.

"ஆறு."

அபிராமி ஆறை அழுத்தினாள். திரையை விரலால் இன்னும் தள்ளிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கு மேல இல்லியா?"