பூசணி காய்க்கும் வரை

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஓடியும் கப்பல் சமையல்காரருக்குத் தரை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் கொல்லைப்புறத்துத் தக்காளிச் செடிகளுக்கு நடுவே, எந்த அலை எந்தப் பக்கம் தூக்கிப் போடுமோ என்று காலை அகட்டி அகட்டி நடப்பார். பின்னறை ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அவர் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதில் தையல் கோணிப்போவதும் உண்டு.

கடலில் இருக்கும்போது அவருக்குக் கனவில் மண் வருமாம். ஈரமான, கறுத்த மண். இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாகக் கொல்லையைக் கொத்தித் தக்காளி நாற்று நட்டார். வேலியோரம் பூசணி விதை ஊன்றினார். நட்ட பூசணியில் ஒன்றையாவது பறித்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கப்பலேறுவேன் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார். கைப்பக்குவம் உள்ள ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால் அவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே சொன்னதில்லை. கிளம்புகிறவரைத் தடுத்தால் போகிற காரியம் உருப்படாது என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைப்பாள், வாசலில் நின்று சிரிப்பாள். அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, தைத்து வைத்திருந்த எதையாவது பிரித்துப்போட்டு மறுபடி தைப்பாள்.

பூசணிக்கொடி யாரைக் கேட்டு வளர்கிறது? வேலியில் ஏறியது, துவைக்கிற கல்லைச் சுற்றியது, தக்காளிப் பாத்திக்குள்ளும் கைநீட்டியது. விடிகிற நேரத்தில் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பாதித் தூக்கத்தில் பார்த்தால் கொல்லை முழுக்க யாரோ விளக்கேற்றி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது அவளுக்குத் தான் எழுந்துவிட்டோமா இல்லையா என்பதே நிச்சயமில்லாமல் போகும்.

பெண்பூவின் அடியில் மொட்டிலேயே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். தேனீ வராவிட்டால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவுக்குள் மெல்லத் தடவிவிட வேண்டும், பிஞ்சு பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் அவர்தான் ஆசையாக அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். மறுநாளிலிருந்து, அவர் எழுவதற்கு முன்னால் அவள் நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு கொல்லையில் இறங்கினாள். பிஞ்சு ஒட்டிய மொட்டாகப் பார்த்து நறுக்கினாள். எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்து டீ போட்டாள்.

பிறகு அவர் ஒரு ஆண்பூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தலுக்கு வந்தும் பெண்ணைக் காணாத மாப்பிள்ளையாகக் கொடி கொடியாகத் தேடுவார். ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் குனிந்து மிஷினை மிதிக்க ஆரம்பிப்பாள். பாவிதான் நான், ஆனால் நாளைக்கும் வெட்டுவேன் என்று நினைத்துக்கொள்வாள்.

தக்காளி காய்த்துத் தள்ளியது. பூசணி மட்டும் காய்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்து, கொடிக்குக் கண் பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். இருக்கும், இருக்கும் என்றார் கப்பல்காரர்.

ஒரு மதியம், வெயிலில் எல்லாமே கண்சொருகிக் கிடந்த வேளையில், அவள் தக்காளி பறிக்கப் போனாள். பாத்தியின் கோடியில், அடர்ந்த செடிகளுக்கு அடியில் கையை விட்டபோது குளிர்ச்சியாக, கனமாக ஏதோ தட்டுப்பட்டது. இலைகளை விலக்கினாள். இரண்டு கைக்கும் அடங்காத பூசணி ஒன்று பழுத்துச் சிவந்து உட்கார்ந்திருந்தது. மண்ணில் பட்டு அழுகாமல் இருக்க அடியில் வைக்கோல் பரப்பியிருந்தது. மேலே கொடியை வளைத்து இலைகளை இழுத்து மூடியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை உலகம் அறியும். இந்த மனிதர் தக்காளியில் மறைத்திருந்தார்.

என் கத்தரிக்குத் தப்ப வைத்து வளர்த்திருக்கிறார். போவதற்கு அவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் அவர் வந்து நின்றார்.

"நான் வெட்டினது எப்போலேருந்து தெரியும்?" என்றாள், திரும்பாமலே.

"முதல் நாள்லேருந்து. ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு இதை ஒளிச்சு வச்சீங்க? நான் வெட்டிடுவேன்னா?"

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இது ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டதாம்; நட்ட கைக்கு அதைக் கிள்ள மனசு வரவில்லையாம்.

"வெட்டிடுவேன்னு பயமில்ல. இவ்வளவு பெருசானதை நீ பார்த்துட்டா, காய்ச்சிருச்சு கிளம்புங்கன்னு சட்டையை மடிக்க ஆரம்பிச்சிடுவியே, அதான் பயம்" என்றார். வைக்கோலைச் சரிசெய்துகொண்டே, "பூவை வெட்டுற. ஒரு தடவை வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குற" என்றார்.

அவள் பழத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாள். அம்மா சொன்னதெல்லாம் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தள்ளிவிட்டுப் பேச அவளுக்கு நேரமாயிற்று.

"போகாதீங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷப் பெட்டிகளும், வாசலில் நின்று சிரித்த சிரிப்புகளும், எருக்குழிக்குள் போன அத்தனை பிஞ்சுகளும் இந்த ஒரு சொல்லுக்குத்தானா? தக்காளிப் பாத்தியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதாள்.