முள் காட்டாத இருபத்தைந்து டிகிரி

பல் டாக்டரின் போன் வந்தபோது அவள் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையிலும் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"மேடம், மலை ஏறிட்டிருக்கோம். ஆயில் சூடு நூத்திப்பதினஞ்சுன்னு காட்டுது. வண்டியை ஓரம் கட்டட்டுமா?"

"ஏத்தத்துல அப்படித்தான் சார் ஏறும். தண்ணி சூடு மீட்டர் எங்க நிக்குது?"

"நடுவுலதான்."

"அப்ப பயப்படாதீங்க. அந்தக் காலத்து வேகக் காருக்கு தொண்ணூறுலேர்ந்து நூத்திப்பத்து வரைக்கும் சாதாரணம். மலையில நூத்தியிருபதுகூடப் போகும். நூத்திமுப்பதைத் தொட்டா நிறுத்துங்க."

"நீங்க சொன்னா சரி. பல்லுக்கு நான், வண்டிக்கு நீங்க" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பதினெட்டு வருஷமாகப் பழைய கார்களோடு மல்லுக்கட்டுகிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே கணக்கைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஆயில் பிரஷர் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆயில் சூட்டில் நீர்த்துப்போனால் முதலில் விழுவது அதுதான். துருப்பிடித்த ஒரு போல்ட் வேனுக்கு அடியில் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. புத்தி அதில் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு வளைவில் எஞ்சின் இறுகி, கார் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் அடித்தும் முழுசாக நிற்கவில்லை. டாக்டருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குக் காறை எலும்பு முறிந்துபோனது.

இரண்டு நாள் கழித்து இழுவை வண்டியில் கார் பட்டறைக்கு வந்தது. டாக்டரும் கூடவே வந்தார். நசுங்கிய பின்பக்கத்தைப் பார்க்கமாட்டாதவர்போல வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மன்னிச்சுடுங்க மேடம். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் ஏத்தத்துல ஓவரா மிதிச்சுட்டேன்போல. வீட்டுலயும் அதைத்தான் சொல்றா."

"வீட்ல எப்படி இருக்காங்க சார்?"

"கையைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. திட்டறதைத் தவிர என்கூடப் பேசறதில்ல."

அவர் போன பிறகு அவளும், கூடவே வேலை பார்க்கும் அவள் தம்பியும் எஞ்சினைப் பிரித்தார்கள். அடியிலிருந்து வடிந்த ஆயில் தண்ணீராய் ஓடியது. கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. பேரிங்குகள் நீலம் பாய்ந்து, வழித்தெடுத்தாற்போல் தேய்ந்திருந்தன.

"நல்லா அடிச்சு ஓட்டியிருக்காரு மனுஷன்" என்றான் தம்பி.

அவள் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நூற்றுப்பதினைந்து டிகிரியில் நல்ல ஆயில் இந்தக் கதிக்கு வராது. அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, சரியாக இருந்தது. அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தக் காரின் ஆயில் சூட்டு சென்சார் செத்துப்போய், பழைய மாடல் எங்கும் கிடைக்காமல், திருகு மரை பொருந்துகிறது என்று வேறொரு கம்பெனி சென்சாரைப் போட்டவள் அவள்தான். அப்போது முள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். சரியாக ஏறுகிறதா என்று பார்க்கவில்லை.

டீ போடும் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். சென்சாரைக் கழற்றி, ஒயரை நீட்டி இழுத்து, தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. டாஷ்போர்டில் முள் எண்பதில் போய் நின்றது. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். எண்பதுதான். அடுத்து ஒரு பழைய பாத்திரத்தில் ஆயிலைக் காய்ச்சி அதில் முக்கினாள். தெர்மாமீட்டர் நூற்றுநாற்பது காட்டியபோது முள் நூற்றுப்பதினைந்தைக் காட்டியது.

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள்.

தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "அக்கா, இங்க பாரு. அவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. முப்பது வருஷத்து எஞ்சின் வேற. நீ வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? இந்தத் தெருவுல இருக்கற இன்னும் நாலு பட்டறையும் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி மெல்லுவானுங்க. அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் நம்ம ரெண்டு பேர் கையை நம்பித்தான் இருக்காங்க. யோசிச்சுப் பேசு."

அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அன்றைக்கு அவளும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டிய இடத்தில் பதினாலைக் கேட்டு வாங்கி, அதையே வைத்துக்கொண்டு போல்ட்டோடு சண்டை போட்டாள். மூன்றாம் நாள் காலையில், ஒரே பெட்டியில் இரண்டு சென்சார் வாங்கியது ஞாபகம் வந்தது. இன்னொன்று ஒரு பாட்டு வாத்தியாரின் வெள்ளைக் காரில் இருந்தது. உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"சார், நான் சொல்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. நான் போட்ட பார்ட் தப்பான பார்ட். நானே வந்து மாத்தித் தரேன்."

தம்பி கையிலிருந்த துணியைத் தரையில் விட்டெறிந்துவிட்டு வெளியே போனான். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர் மனைவி. தோளைச் சுற்றிப் பட்டை, வீங்கிய முகம். டாக்டர் கூடத்தில் ஒரு ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்; ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்போல இருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே, சென்சாரையும் கொதித்த தண்ணீரையும் முள் காட்டிய எண்ணையும் ஒன்று விடாமல் சொன்னாள். பிரஷரைக் கேட்காமல் விட்டதையும் சொன்னாள்.

டாக்டரின் மனைவி மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன்" என்றார் மனைவி. "கருகற வாசனை வருது, நிறுத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'அவங்க சொல்லிட்டாங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு இவர் ஓட்டினாரு. உங்க வாக்கு இவருக்கு வேதவாக்கு. வேகமா ஓட்டித்தான் கெடுத்தாருன்னு அஞ்சு நாளா இவரைக் கரிச்சுக் கொட்டறேன். இவரும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

டாக்டர் பேப்பரை மடித்தார். "உண்மையில எவ்வளவு சூடு இருந்திருக்கும்?"

"நூத்திநாப்பது சார்."

"அப்ப நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தியிருக்கணும் சார். நிறுத்தவிடாம பண்ணது நான்."

மனைவி எழுந்து போய்க் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளிடம், "நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்தான். இல்லேங்கல. ஆனா இப்ப உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. போயிட்டு வாங்க" என்றார்.

டாக்டர் வாசல்வரை வந்தார். "உங்க மேல கோபம் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல மேடம். ஆனா வண்டியை வேற இடத்துல குடுத்துடறேன். இனிமே நீங்க ஒண்ணு சொன்னா என்னால நம்ப முடியாது."

"புரியுது சார்" என்றாள். புரிந்துதான் இருந்தது. ஆனாலும் தெருமுனை திரும்பியதும் வண்டியை ஓரம் கட்டி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மூன்று நாளும் பிரித்ததையெல்லாம் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டுப் பேர் எழுதினாள். எந்தச் சூட்டுக்கு முள் எந்த எண்ணைக் காட்டியது என்று ஒரு தாளில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, அந்தச் சென்சாரோடு சேர்த்துக் கட்டினாள். இனி வேலை செய்யப்போகிறவன் யாராக இருந்தாலும் இருட்டில் தடவக் கூடாது.

சனிக்கிழமை இழுவை வண்டி வந்தது. வாசல் மேட்டில் காரை ஏற்ற டிரைவர் ஒருவரால் முடியவில்லை. அவள் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கார் அசையவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி வந்து நசுங்கிய பம்பரில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"ஹேண்ட் பிரேக்கை எடுத்தியா, இல்லையா?" என்றான்.

எடுக்கவில்லை. குனிந்து எடுத்தாள். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள்.