பொன்னாயி, கணவர் பெயர்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். 1971, 1977, 1980, 1984. ஒவ்வொரு வருஷத்துக்கும் நேரே வென்றவர், தோற்றவர், வாங்கிய ஓட்டு, வித்தியாசம், செல்லாதவை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். போட்டும் எண்ணப்படாமல் போன ஓட்டுக்கு ஒரு கட்டம் இல்லையே என்று மனசு அரித்தது. அன்றோடு அந்த நாலு பக்கம் நின்றுபோனது. எழுதச் சொன்னவர்கள் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்கள்.

(அட்டவணையில் இருப்பவர்கள் நிஜம்; அவர்கள் இங்கே வரமாட்டார்கள். இங்கே வருகிறவர்களை நான்தான் உண்டாக்கினேன். நேரில் பார்த்தவர் ஒருவர் சொன்னார் என்று அளந்திருக்கலாம், நீங்களும் நம்பியிருப்பீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "குரும்பலூரிலிருந்து கிழக்கே போகும் மண்பாதையில் விடியலின் பொன்னொளி..." வேண்டாம். பொன்னொளியைப் பார்த்து யாரும் ஓட்டுப் போட்டதில்லை.

இரண்டாவது: "இது தனித் தொகுதி என்பதால் இங்கே போட்டியிடுபவர்கள்..." இது கட்டுரை. அந்த நாலு பக்கத்துக்குள் போகட்டும்.

மூன்றாவது: "1980 ஜனவரி. பொன்னாயி பருத்தி எடுப்பை விட்டுவிட்டு ஓட்டுப் போட வந்தாள்."

இது நிற்கிறது. பொன்னாயிக்கு இருபத்தெட்டு வயது, கூலி வேலை. 1971இல் அவளுக்கு வயது வரவில்லை; அப்போதெல்லாம் ஓட்டுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும். 1977இல் வேலை முடித்துச் சாயங்காலமாகப் போனாள். "உன் ஓட்டு விழுந்துடிச்சு, போ" என்று யாரோ சொல்ல, யார் போட்டது என்றுகூடக் கேட்காமல் திரும்பிவிட்டாள். கேட்காமல் வந்ததுதான் மூன்று வருஷமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், தன் ஓட்டைத் தானே போட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

3

பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. அவளுக்கு முன்னால் இன்னொரு பொன்னாயி வந்துவிட்டுப் போயிருந்தாள். அவளும் இவள் குடியிருந்த கிழக்குத் தெருதான், தங்கசாமியின் மனைவி. பட்டியல் பார்த்தவர் அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டார். எந்தப் பெண் சொல்வாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் விழிக்க, அவரே பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட பொன்னாயியைப் பிடித்து, "அய்யம்பெருமாளா?" என்றார். நாலு ஆண்களுக்கு நடுவில் புருஷன் பேச்சு வந்ததே கூச்சம். அவள் தலையைக் குனிந்தாள். குனிந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் கோடு போட்டார். அவள் மறுப்பதற்குள் விரலில் மை ஏறிவிட்டது.

பிறகு நம் பொன்னாயி வந்தாள். அய்யம்பெருமாளின் மனைவி அவள்தான். உன் ஓட்டு விழுந்துவிட்டது என்றார்கள், மறுபடியும்.

அவள் நகரவில்லை. சாவடிக்குத் தலைமை அதிகாரியாக வந்திருந்தவர் வைத்திலிங்கம், உடையார்பாளையம் பக்கத்து வாத்தியார். நடந்ததை அவர் விசாரித்துப் புரிந்துகொள்வதற்குள் கட்சி ஏஜெண்டு ஒருவர் சுலபமான வழி சொன்னார். தங்கசாமி மனைவியின் பெயருக்கு நேரே கோடு இல்லை, இவள் அதில் போட்டுவிட்டுப் போகட்டும், கணக்கு சரியாகிவிடும். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது, அவளைத் தவிர.

"நான் தங்கசாமி பொண்டாட்டி இல்லீங்க சார். அவுரு எனக்குக் கொழுந்தன் மொறை."

"அப்ப உம் புருஷன் யாரும்மா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வெளியே ஆண்கள் வரிசையில் நின்ற அய்யம்பெருமாளை நோக்கி விரலை நீட்டினாள்.

(கொழுந்தன் பெயர் வாய் நிறைய வருகிறது. கவனித்தீர்கள்தானே?)

4

வைத்திலிங்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் கத்தினார். இரண்டாவதில் கண் கலங்கினார். இரண்டையும் கிழித்தேன். வாத்தியார் என்றால் புத்தகத்தைத்தான் புரட்டுவார். புரட்டினார், விதி இருந்தது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டால், உரியவருக்கும் ஒரு சீட்டுத் தரலாம். ஆனால் அது பெட்டிக்குள் போகாது.

பொன்னாயி மறைவில் போய் முத்திரை குத்தி, சீட்டை மடித்துக்கொண்டு பெட்டியிடம் வந்தாள். வைத்திலிங்கம் ஒரு காகித உறையை நீட்டினார்.

"பொட்டியில போடக் கூடாதுங்களா?"

"இதத் தனியாத்தான் வைக்கணும்மா."

"எண்ணுவீங்கள்ல சார்?"

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். ஆமாம் என்று சொன்னால் அவள் சந்தோஷமாகப் போவாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை.

"எண்ண மாட்டாங்கம்மா. கோர்ட்டு கேட்டாத்தான் பிரிப்பாங்க."

"அப்ப எதுக்கு சார் குடுத்தீங்க?"

அவர் சீட்டை வாங்கி உறைக்குள் வைத்தார். வெளியே வந்தவளிடம் போட்டாயிற்றா என்று அய்யம்பெருமாள் கேட்டான். அவள் மை விரலைக் காட்டினாள். அதை எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை.

5

முடிவு, முதல் வகை: வித்தியாசம் ஒரே ஓட்டு, வழக்கு, கோர்ட்டில் உறை பிரிக்கப்படுகிறது... அட்டவணை சம்மதிக்கவில்லை. இங்கே யாரும் ஒரு ஓட்டில் ஜெயிக்கவில்லை.

இரண்டாவது வகை: கெடு முடிந்ததும் உறை மற்றக் காகிதங்களோடு அழிக்கப்படுகிறது. பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் அது உறையின் முடிவு, அவளுடையது அல்ல.

மூன்றாவது: 1984 டிசம்பர். அதே பள்ளிக்கூடம். பெண்கள் வரிசையில் முதல் ஆள் பொன்னாயி. பக்கத்து வரிசையில் அய்யம்பெருமாள். அன்று காலை அவனுக்குச் சோறு போடும்போது வழக்கத்துக்கு மேல் ஒரு கரண்டி போட்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"புருஷன் பேரு?" என்றார் பட்டியல்காரர்.

"அய்யம்பெருமாள்." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அய்யம்பெருமாள் பொண்டாட்டி பொன்னாயி. நல்லாப் பாத்துக் கோடு போடுங்க."

இரண்டு வரிசையிலும் தலைகள் திரும்பின. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் தன் பெயரை அவள் வாயில் அவன் கேட்டது அப்போதுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டான். சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

6

உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று தெரியும். அடுத்த தேர்தலுக்கான 1989ஆம் வருஷத்து வாக்காளர் பட்டியலில் அய்யம்பெருமாள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மூடநம்பிக்கை என்று சிரிப்பீர்கள். இல்லாவிட்டால் அவளை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்தை நான் எழுதுவதாக இல்லை, வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் 1984இன் கட்டங்களுக்குத் திரும்புகிறேன். வென்றவருக்கு நேரே ஓர் எண், தோற்றவருக்கு நேரே ஓர் எண். இரண்டில் ஏதோ ஒன்றில் அவள் இருக்கிறாள். எதில் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். புருஷன் பெயரையே சொன்னவள், அதை மட்டும் சொல்லவில்லை.