யார் தொட்டியில் மஞ்சள் பூ

ஹெஸ்டரும் நோரிஸும் பிரிந்தபோது வீட்டைப் பற்றிச் சண்டை வரவில்லை. ஹெஸ்டர் லட்லோ ஊரில் இருந்த பழைய வீட்டிலேயே இருந்துகொண்டாள். நோரிஸ் லெமின்ஸ்டரில் பின்முற்றம் வைத்த சிறிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டான். வேறு ஆண், வேறு பெண் என்று எதுவும் இல்லை. வருஷக்கணக்காக ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் இருந்ததில், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அலுத்துவிட்டது. தகராறு வந்தது பூக்கிழங்குத் தொட்டிகளில்தான்.

திராட்சைக் கொத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி பூக்கும் மஸ்காரியும், அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களும் தோட்டத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. விதை வாங்கி விதைத்துப் பெயர் எழுதியது நோரிஸ். தொட்டி மாற்றி, தண்ணீர் பார்த்து, நத்தை பொறுக்கியது ஹெஸ்டர். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் பங்கு பிரிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அது ஆகஸ்ட் மாதம். இலை எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. தொட்டிகளில் வெறும் மண்தான். பெயர்ச்சீட்டுகளோ வெயிலில் வெளுத்து வெள்ளைத் துண்டுகளாக நின்றன.

"பேனாவால எழுதாத, பென்சில்ல எழுதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் ஹெஸ்டர்.

"இப்ப அதுக்கு ஒரு பிரசங்கம் வேணுமா? பெரில், நீ ஒரு வழி சொல்லு" என்று நோரிஸ் என் பக்கம் திரும்பினான்.

ஆளுக்கொன்றாக மாறி மாறி எடுங்கள் என்றேன். நோரிஸுக்கு ஒரே ஒரு தொட்டியில்தான் கண். துருக்கிக் கடற்கரைப் பாறைகளில் வளரும் மஞ்சள் மஸ்காரி அது. விதை போட்டு வருஷங்கள் ஓடியும் இன்னும் பூக்கவில்லை. ஆழமான தொட்டியில்தான் போட்டிருந்தோம் என்ற அளவுக்கு அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஆழமான தொட்டிகளே பல இருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் தூக்கி, கனம் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டான்.

ஹெஸ்டர் தன் முறைக்கு ஒரு தொட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். உடனே பழையபடி தொட்டிக்குள் வைத்துவிட்டாள். "இது எனக்கு" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நான் அவள் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நோரிஸ் வந்தான். கையில் ஆழமான தொட்டி. இலை நன்றாக வந்து, தண்டு எழும்பி, அடிப்பூக்கள் விரிந்திருந்தன. மஞ்சள் இல்லை; மழைத்தண்ணீர் கலங்கின மாதிரி ஒரு வெள்ளை, ஓரத்தில் பழுப்பு.

"மஞ்சள் இனிமே ஏறுமோ?" என்று கேட்டான். அவனுக்கே நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

ஹெஸ்டர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தாள். "இது மஸ்காரியே இல்ல. மஸ்காரிப் பூவுக்கு வாய் குவிஞ்சிருக்கும், சுருக்குப்பை இழுத்துக் கட்டின மாதிரி. இத பாரு, மணி மாதிரி திறந்தே கெடக்கு. அதோட சொந்தம், பெல்லேவாலியா. உன்ன மாதிரி, வாய மூடவே மூடாது."

நான் சிரித்துவிட்டேன். நோரிஸும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஏதோ வாசனை பட்டு மோந்து பார்த்தான்.

"வாழைப்பழம் வாங்கி வச்சிருக்கியா?"

"இல்ல."

அவன் வாசனை வந்த பக்கமாகப் போனான். பின்னறை ஜன்னலோரம் அது நின்றது. தண்டின் உச்சியில் ஊதா மொட்டுகள். கீழே குவிந்த வாயோடு மஞ்சள் பூக்கள். பக்கத்தில் போனால் பழுத்த வாழைப்பழ வாசனை அறையெல்லாம் அடித்தது. நோரிஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"ஆகஸ்ட்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும். மத்ததெல்லாம் வேர் காஞ்சு போயிடும். இதுக்கு மட்டும் கோடையிலயும் வேர் தடியா, உயிரோட இருக்கும். கவுத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ ஒரு தடவை தொட்டி மாத்தியிருந்தா, நான் சொல்ல வேண்டியதே இல்ல."

அவன் சமையலறைக்குத் திரும்பினான். தன் பெல்லேவாலியாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் ஹெஸ்டர் பூதக்கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அநியாயம்னு நெனைக்கிறியா பெரில்?"

"ஆமா" என்றேன். "ஆனா அவன் சொன்ன மாதிரி, சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். இப்பவும் சொல்லலாம்."

அவள் உடனே சொல்லவில்லை. ஜூன் மாதம் காய்கள் பருத்து வெடிக்கும் நேரத்தில்தான் போன் செய்தாள். விதை பாதி உனக்கு, வந்து எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னாளாம். அவன் வந்தான்; ஆளுக்கொரு தொட்டியில் அங்கேயே விதைத்தார்கள். விதைகளை எண்ணெய்ச் சட்டியில் கடுகு போடுகிற மாதிரி நெருக்கமாகத் தூவுகிறாய் என்று அவளைக் குறை சொன்னான். உன் மண்ணில் மணல் போதாது என்று அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் தட்டில் சீஸும் ஊறுகாய் வெங்காயமும் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த குளிர்காலத்துப் புயலில் ஹெஸ்டரின் கண்ணாடிப் பெட்டி மூடி பறந்துபோனது. அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவள் திரும்பி வருவதற்குள் மழை தொட்டிகளில் தேங்கி, பூத்து முடிந்ததும் பெட்டிக்கே திரும்பியிருந்த மஞ்சள் மஸ்காரி அழுகிவிட்டது. அவள் விதைத்திருந்த நாற்றுகளும் போயின. நோரிஸின் நாற்றுகள் முற்றத்துக் கூரைக்கடியில் பத்திரமாக இருந்தன, புல் மாதிரி மெல்லிய இலைகளோடு.

கேட்பதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு லெமின்ஸ்டருக்குப் போனாள். நோரிஸ் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தான்.

"எல்லாம் போச்சு" என்றாள் அவள்.

"புயல் அடிச்சப்பவே நெனச்சேன்." அவன் உள்ளே போய், ஏற்கனவே தனியாகப் பிரித்து நட்டுவைத்திருந்த ஒரு தொட்டியை எடுத்துவந்தான். "நீ எப்ப வருவியோன்னு பாத்துக்கிட்டிருந்தேன். பூக்க இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும். வெளியில வெச்சுத் தொலச்சிடாத."

நான் காரை ஓட்ட, அவள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள். வந்ததும் அதைப் பின்னறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள்.