வலது கை போகும் தூரம்

என் அக்கா ஒஃபீலியாவின் வலது கை மார்புக்கு மேல் போகாது. போன அக்டோபரில், சிகாகோவில் எங்கள் தெருமுனையில் தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தவளைக் குடியேற்ற அதிகாரி ஒருவன் பிடித்து, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிவிட்டான். அவள் இந்த நாட்டுக் குடிமகள் என்பதற்கான அட்டை ஏப்ரன் பையிலேயே இருந்தது. எடுக்கவிட்டால்தானே? அன்றிலிருந்து அந்தக் கையைச் சால்வைக்குள் ஒளித்தே வைத்திருந்தாள், மாதா கோயிலில்கூட.

அந்த அதிகாரிகள் எப்போது, எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டும் மசோதா சட்டமன்றக் குழுவுக்கு வந்தது. ஐந்து பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. விட்டேக்கர் என்ற பெரியவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஓட்டு கிடைக்காவிட்டால் மசோதா அங்கேயே செத்தது.

குழுமுன் சாட்சி சொல்ல அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். சாட்சி சொல்பவர்கள் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். முந்தின நாளே குமாஸ்தாவுக்குப் போன் போட்டு, இடது கை போதும் என்று அனுமதி வாங்கிவிட்டேன்.

"இடது கை, ஞாபகம் இருக்கா?" என்று காரில் கேட்டேன்.

"நாலு வாட்டி சொல்லிட்ட. எனக்குப் போனது தோளுடி, காது இல்ல."

குழு கூடிய அறையில் அவளுக்கு முன் அதிகாரிகள் தரப்பு வக்கீல் பேசினார். அளவான பலம்தானாம். நிலையான காயம் யாருக்கும் இல்லையாம்.

அக்கா எழுந்து போனாள். சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வலது கையை உயர்த்தினாள். அது மார்பு வரை வந்து நின்றது.

விஷயம் தெரியாத குழுத் தலைவி, "இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கம்மா," என்றார்.

"இவ்வளவுதாங்க போகும். மிச்சத்த அந்த அதிகாரி எடுத்துக்கிட்டாரு."

குமாஸ்தா ஓடிவந்து தலைவியின் காதில் ஏதோ சொன்னார். "இடது கையே போதும்மா," என்றார் தலைவி, முகம் சிவந்து.

"வேண்டாங்க. இந்தக் கைக்குத்தான் நடந்தது. இதுவே சொல்லட்டும்."

கையை இறக்காமலே சத்தியம் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

விட்டேக்கர் வக்கீல் பக்கம் திரும்பினார். "யாருக்கும் நிலையான காயம் இல்லன்னீங்களே?"

பிறகு நடந்த வாக்கெடுப்பில் விட்டேக்கர் மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்.

ஆறுக்கு ஐந்து. இன்னும் சபை ஓட்டு இருக்கிறது, ஆளுநர் கையெழுத்து இருக்கிறது. இருக்கட்டும். இவளுக்குத் தங்கையாகப் பிறந்தேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே படிக்கட்டில் காற்று ஊசியாய்க் குத்தியது. பழக்க தோஷத்தில் சால்வையை அவள் தோளில் போடப் போனேன்.

"நீ போத்திக்கடி," என்றாள். "எனக்குக் குளிரல."